குவாங்ஜு 1980: சுட்டவர்களுக்குத் தண்டனை கிடைத்ததா, நினைவு நாள் எப்படி வந்தது?

கேள்வி இது: தென்கொரியாவின் குவாங்ஜு நகரில் 1980 மே மாதம் ராணுவம் பொதுமக்களைச் சுட்டுக் கொன்றது. பல ஆண்டுகள் அரசு அதைக் கலவரம் என்றே சொல்லி வந்தது. அப்படிப்பட்ட நிகழ்வு எப்படி அரசே நடத்தும் நினைவு நாளானது? உத்தரவு போட்டவர்கள் தண்டிக்கப்பட்டார்களா?

முதலில் நேரடியான பதிலைச் சொல்லிவிடுகிறேன். தண்டனை கிடைத்தது, ஏறக்குறைய 17 ஆண்டுகள் கழித்து. ஆயுள் தண்டனை பெற்ற முன்னாள் அதிபர் சுன் டூ-ஹ்வான் இரண்டே ஆண்டுகள் சிறையில் இருந்துவிட்டுப் பொதுமன்னிப்பில் வெளியே வந்தார். மே 21 அன்று கூட்டத்தை நோக்கிச் சுடச் சொன்னது யார் என்பது இன்றுவரை எந்தத் தீர்ப்பிலும் இல்லை. நினைவு நாளைப் பொறுத்தவரை, அது அரசு மனமிரங்கிக் கொடுத்ததல்ல. கல்லறையை நகர்த்த விடாமல் உட்கார்ந்திருந்த குடும்பங்களும், ஒளித்து வைக்கப்பட்ட படச்சுருள்களும், மருத்துவமனைப் பதிவேடுகளும் இல்லாமல் அது வந்தே இருக்காது.

நடந்ததைச் சுருக்கமாகப் பார்ப்போம். 1979 அக்டோபர் 26 அன்று அதிபர் பார்க் சுங்-ஹீயை அவருடைய உளவுத்துறைத் தலைவரே சுட்டுக் கொன்றார். நீண்ட சர்வாதிகாரம் முடிந்தது, இனித் தேர்தல் வரும் என்று நாடு நம்பியது. ஆனால் ராணுவப் பாதுகாப்புப் பிரிவின் தளபதி சுன் டூ-ஹ்வான் டிசம்பர் 12 இரவு தரைப்படைத் தலைமைத் தளபதியையே கைது செய்து படையைத் தன் பிடிக்குள் கொண்டுவந்தார். 1980 மே 17 நள்ளிரவில் ராணுவச் சட்டம் நாடு முழுவதற்கும் விரிக்கப்பட்டது. அரசியல் நடவடிக்கைகளுக்குத் தடை, பல்கலைக்கழகங்கள் மூடல், எதிர்க்கட்சித் தலைவர் கிம் டே-ஜுங் கைது என எல்லாம் ஒரே இரவில் நடந்தன. கிம் தென் ஜொல்லா மாகாணத்துக்காரர். அந்த மாகாணத்தின் தலைநகர்தான் அன்றைய குவாங்ஜு.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை ஜொன்னாம் தேசியப் பல்கலைக்கழக வாசலில் மாணவர்கள் கூடினார்கள். எதிரே நின்றவர்கள் கலவரத் தடுப்புப் போலீஸார் அல்லர். எதிரி நாட்டுக்குள் ஊடுருவப் பயிற்சி பெற்ற பாராசூட் படையினர். அவர்கள் தடியாலும் துப்பாக்கிமுனைக் கத்தியாலும் மாணவர்களை விரட்டினார்கள், கடைத்தெருவில் நின்றவர்களையும் விட்டுவைக்கவில்லை. முதலில் உயிரிழந்தவர் காது கேளாத, பேச முடியாத ஒரு காலணித் தொழிலாளி. போராட்டத்தில் கலந்துகொள்ளாத அவரை வழியில் மறித்து அடித்தார்கள். மறுநாள் இறந்தார். தேசியக் கல்லறையின் முதல் பிரிவில் முதல் எண் அவருடையது.

ஆட்சியாளர்களின் கணக்கு தவறியது இங்கேதான். கடுமையாக அடித்தால் கூட்டம் கலையும் என்று நினைத்தார்கள். வேடிக்கை பார்த்தவனையும் அடித்ததால் நகரமே தெருவுக்கு வந்தது. காயம்பட்டவர்களை ஏற்றிச் சென்ற டாக்சி ஓட்டுநர்களும் அடிபட்டார்கள். அதனால் மே 20 மாலை டாக்சிகளும் பேருந்துகளும் லாரிகளுமாக இருநூறு வண்டிகளுக்கு மேல் முகப்பு விளக்கை எரியவிட்டு, ஹாரன் அடித்தபடி, விளையாட்டரங்கிலிருந்து கும்நாம்-ரோ என்ற பெருந்தெருவுக்கு அணிவகுத்து வந்தன.

மே 21 புத்தர் பிறந்தநாள், அரசு விடுமுறை. அன்று அதிகாலையிலேயே வெளியூர்த் தொலைபேசி இணைப்புகள் துண்டிக்கப்பட்டிருந்தன. பிற்பகல் ஒரு மணியளவில் மாகாண அலுவலகத்தின் ஒலிபெருக்கியில் தேசிய கீதம் ஒலித்தது. அதோடு சேர்ந்து துப்பாக்கிகளும் வெடித்தன. அதன் பிறகுதான் மக்கள் பக்கத்து ஊர்க் காவல் நிலையங்களின் ஆயுதக் கிடங்குகளைத் திறந்து பழைய கார்பைன், எம்1 துப்பாக்கிகளை எடுத்தார்கள். இந்த வரிசையை மறக்கக் கூடாது. ஆயுதம் ஏந்திய கும்பலைத்தான் சுட்டோம் என்பது பின்னாளில் ராணுவம் சொன்ன வாதம். அதைத் தாங்கிப்பிடிக்க, ஆயுதம் எடுத்த நேரத்தை முன்னுக்குத் தள்ளி ஆவணங்கள் திருத்தப்பட்டன.

அன்று மாலை படை நகரத்தை விட்டு விலகி, வெளியே போகும் சாலைகளை அடைத்தது. அடுத்த ஐந்து நாள் குவாங்ஜுவை மக்களே நடத்தினார்கள். சந்தைப் பெண்கள் சோற்று உருண்டை பிடித்துக் கொடுத்தார்கள், மருத்துவமனை வாசலில் ரத்ததான வரிசை நீண்டது, மாகாண அலுவலகத்துக்கு எதிரிலிருந்த ஜூடோ பயிற்சிக் கூடத்தில் சவப்பெட்டிகள் வரிசையாக வைக்கப்பட்டன. பெரிய கொள்ளை எதுவும் நடக்கவில்லை. அதே நாட்களில் புறநகரில் சாவுகள் தொடர்ந்தன. மே 23 அன்று ஜுனாம் கிராமத்தருகே ஒரு சிற்றுந்து சுடப்பட்டு, அதில் வந்தவர்களில் ஒரே ஒரு பள்ளி மாணவி மட்டும் பிழைத்தார். மறுநாள் நீர்த்தேக்கத்தில் குளித்த சிறுவர்கள் மீதும் குண்டுகள் பாய்ந்தன. மே 27 விடியுமுன் படை திரும்பி வந்து மாகாண அலுவலகத்தைக் கைப்பற்றியது. போராட்டக் குழுவின் செய்தித் தொடர்பாளர் யுன் சாங்-வொன் அங்கேயே கொல்லப்பட்டார்.

இறந்தவர்கள் எத்தனை பேர்? 1980 மே இறுதியில் அரசு சொன்னது 170: பொதுமக்கள் 144, ராணுவத்தினர் 22, போலீஸார் 4. 1985ல் பாதுகாப்பு அமைச்சர் அதை 191 என்று திருத்தினார். உடல் கிடைத்து உறுதியான பொதுமக்கள் சாவு சுமார் 165. சட்டப்படி காணாமற்போனோர் என ஏற்கப்பட்டோர் 70 பேருக்கு மேல். சித்திரவதையாலும் காயத்தாலும் பின்னர் இறந்தவர்களைச் சேர்த்தால் 600ஐத் தாண்டும் என்பது குடும்பங்களின் கணக்கு. யார் எந்த எண்ணைச் சொன்னாலும், எந்த வகையினரை எண்ணியிருக்கிறார்கள் என்று முதலில் கேளுங்கள். இரண்டாயிரம் என்று சிலர் எழுதுவது அந்நாளைய வதந்தியிலிருந்து வந்தது. மிகைப்படுத்திய எண் மறுப்பவர்களுக்குத்தான் கைகொடுக்கும். இறந்த படையினரில் பெரும்பகுதியினர் மே 24 போன்ற நாட்களில் ராணுவப் பிரிவுகள் ஒன்றையொன்று தவறாகச் சுட்டதில் மாண்டவர்கள் என்பதும் பலருக்குத் தெரியாது.

இனி நினைவின் பக்கம். உடல்கள் நகராட்சிக் குப்பை லாரிகளில் ஏற்றப்பட்டு, புறநகரில் உள்ள மங்வோல்-டோங் பொது இடுகாட்டில் புதைக்கப்பட்டன. அந்த இடம் யாத்திரைத் தலமாகிவிடும் என்று அரசு சீக்கிரமே புரிந்துகொண்டது. 1980களின் தொடக்கத்தில் குடும்பங்களைத் தனித்தனியே அணுகி, பணம் கொடுத்தும் வேலையை வைத்து மிரட்டியும் கல்லறைகளைச் சொந்த ஊர்களுக்கு மாற்றச் சொன்னார்கள். சிலர் மாற்றினார்கள், அவர்களைக் குறை சொல்ல முடியாது. பெரும்பாலோர் மறுத்தார்கள். ஒவ்வொரு மே மாதமும் இந்தக் குடும்பத்தார் வீட்டுக்குள் அடைக்கப்பட்டார்கள் அல்லது போலீஸ் வண்டியில் வெளியூருக்குக் கொண்டுபோய் விடப்பட்டார்கள். சுன் அந்தப் பக்கம் வந்தாலும் அதே கதிதான். கல்லறைகள் சிதறியிருந்தால், கூடுவதற்கு ஓர் இடமும் வழக்குப் போட ஓர் அமைப்பும் இருந்திருக்காது என்றே நினைக்கிறேன். பின்னால் வந்த எல்லாமே அந்த மறுப்பின் மேல் எழுந்தவை.

1982 பிப்ரவரியில் அதே இடுகாட்டில் ஓர் ஆன்மத் திருமணம் நடந்தது. மாகாண அலுவலகத்தில் இறந்த யுன் சாங்-வொனுக்கும், தொழிலாளர் இரவுப்பள்ளி நடத்தி 1978ல் நிலக்கரி அடுப்பின் புகையால் இறந்த பார்க் கி-சுன் என்ற இளம்பெண்ணுக்கும். அவர்களுக்காக எழுதப்பட்டதுதான் ‘அன்புக்குரியவருக்கான அணிவகுப்பு’ என்ற பாடல். மெட்டு கிம் ஜொங்-ரியுல். வரிகளை எழுத்தாளர் ஹ்வாங் சொக்-யோங், பேக் கி-வானின் கவிதையிலிருந்து எடுத்து அமைத்தார். ஹ்வாங்கின் வீட்டில் சத்தம் வெளியே போகாதபடி ஜன்னல்களில் கம்பளி தொங்கவிட்டு, சாதாரண கேசட் ரெக்கார்டரில் பதிவு செய்தார்கள். நகல் மேல் நகலாக அது நாடு முழுக்கப் போனது.

படக்காட்சிகளுக்கு உலகம் கடன்பட்டிருப்பது ஜெர்மனியின் ஏ.ஆர்.டி. தொலைக்காட்சியின் ஒளிப்பதிவாளர் யூர்கன் ஹின்ஸ்பீட்டருக்கு. டோக்கியோவிலிருந்து வந்து, சோல் நகரில் கிம் சா-பொக் என்பவரின் காரில் குவாங்ஜுவுக்குள் நுழைந்து படமெடுத்தார். படச்சுருளை பிஸ்கட் டின்னுக்குள் மறைத்து வெளியே கொண்டுபோனார். சில பிரதிகள் திரும்ப நாட்டுக்குள் கடத்தப்பட்டு, தேவாலயங்களிலும் கல்லூரிகளிலும் ரகசியமாகத் திரையிடப்பட்டன. கொரியச் செய்தித்தாள்களால் தணிக்கையை மீற முடியாத காலம் அது. ‘ஜொன்னாம் மேய்ல்’ நாளிதழின் நிருபர்கள் ஒரு வரி கூட அச்சிட முடியாத வெட்கத்தில் கூட்டாகப் பதவி விலகல் கடிதம் எழுதினார்கள்.

அமெரிக்காவின் பங்கைக் கேட்பவர்கள் உண்டு. குவாங்ஜுவை மீட்க அனுப்பப்பட்ட 20ஆம் டிவிஷன், அமெரிக்க-கொரியக் கூட்டுப் படைத் தலைமையின் கட்டுப்பாட்டிலிருந்து விலக்கிக்கொள்ளப்பட்டதை அமெரிக்கத் தளபதி அறிவார். பாராசூட் படை தங்கள் கட்டுப்பாட்டில் இல்லை என்பது அமெரிக்காவின் நிலைப்பாடு. அந்தக் கோபத்தில்தான் 1982ல் புசானில் அமெரிக்கக் கலாசார மையத்துக்குத் தீ வைக்கப்பட்டது, 1985 மே மாதம் சோலில் 73 மாணவர்கள் அதே போன்ற மையத்தை ஆக்கிரமித்தார்கள். அமைச்சர் 191 என்ற எண்ணை நாடாளுமன்றத்தில் சொன்னது அதற்கு அடுத்த மாதம்.

1987 ஜூன் போராட்டம் நேரடி அதிபர் தேர்தலைக் கொண்டுவந்தது. சுன்னின் தோழர் ரோ டே-வூ வென்றாலும், 1988 ஏப்ரலில் நாடாளுமன்றம் எதிர்க்கட்சிகளின் கைக்குப் போனது. அந்த ஆண்டு இறுதியில் விசாரணை நேரடியாக ஒளிபரப்பானது. தளபதிகள் வியர்த்துக்கொண்டு பதில் சொல்வதை நாடே பார்த்தது. ஆனால் விசாரணைக்குத் தயாராகப் பாதுகாப்பு அமைச்சகம் ‘511’ என்ற பெயரில் ஒரு குழு வைத்து, சாட்சிகளின் பதில்களை ஒழுங்குபடுத்தி, ஆவணங்களையும் மாற்றியது. துப்பாக்கிச் சூட்டின் உத்தரவு எங்கிருந்து வந்தது என்று இன்றும் காகிதத்தில் காட்ட முடியாததற்கு முக்கியக் காரணம் இதுதான்.

சட்டப் போராட்டம் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியது. 1995 ஜூலையில் அரசு வழக்கறிஞர்கள், வெற்றிபெற்ற ஆட்சிக் கவிழ்ப்பைத் தண்டிக்க முடியாது என்று கோப்பை மூடினார்கள். கிளர்ச்சிக் குற்றத்துக்குக் காலவரம்பு 15 ஆண்டுகள். அதுவும் முடியும் தறுவாயில் இருந்தது. பேராசிரியர்களும் மாணவர்களும் தெருவில் இறங்கினார்கள். அக்டோபரில் ரோ டே-வூவின் ரகசிய வங்கிக் கணக்குகள் அம்பலமாயின. அதிபர் கிம் யங்-சாம் பின்வாங்க முடியாமல் சிறப்புச் சட்டத்துக்கு ஒப்பினார். 1995 டிசம்பரில் நிறைவேறிய அந்தச் சட்டத்தின் மையம் ஒரே விதி: குற்றம் முடிந்த நாள் முதல் 1993 பிப்ரவரி 24 வரை காலவரம்பு ஓடவில்லை எனக் கொள்ள வேண்டும். அந்தத் தேதி ரோவின் பதவிக்காலத்தின் கடைசி நாள். குற்றவாளியே அரசாக இருந்த காலத்தில் அவன் மீது வழக்குப் போட யாராலும் முடியாது, ஆகவே அந்தக் காலத்தைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்பது தர்க்கம்.

அரசியல் சாசன நீதிமன்றத்தில் இது மயிரிழையில் தப்பியது. 1996 பிப்ரவரியில், ஏற்கெனவே முடிந்துபோன காலவரம்பைத் திறப்பது சாசனத்துக்கு விரோதம் என்று 9 நீதிபதிகளில் 5 பேர் கருதினார்கள். ஒரு சட்டத்தை ரத்து செய்ய 6 பேர் வேண்டும். அந்த ஒரு வாக்குதான் வழக்கைக் காப்பாற்றியது.

1996 ஆகஸ்டில் சுன்னுக்கு மரண தண்டனை, ரோவுக்கு 22 ஆண்டு 6 மாதம். மேல்முறையீட்டில் அது ஆயுளாகவும் 17 ஆண்டாகவும் குறைந்து, 1997 ஏப்ரல் 17 அன்று உச்ச நீதிமன்றத்தில் உறுதியானது. மே 27 தாக்குதலைக் கிளர்ச்சி நோக்கிலான கொலை என்று தீர்ப்பு ஏற்றது. மே 21 சூட்டுக்கு ஆணையிட்டவர் பெயர் அதில் இல்லை. அதே ஆண்டு மே 18 அரசு நினைவு நாளானது, மங்வோல்-டோங் அருகே புதிய கல்லறை வளாகமும் திறந்தது. டிசம்பர் 22 அன்று இருவரும் விடுதலை. நான்கு நாள் முன்புதான் அதிபராகத் தேர்வாகியிருந்த கிம் டே-ஜுங், ஒரு காலத்தில் சுன் ஆட்சியில் மரண தண்டனை பெற்றவர், அந்த மன்னிப்புக்கு இசைந்தார். நல்லிணக்கம் என்றார்கள். மன்னிப்புக் கேட்காதவனுக்கு மன்னிப்புக் கொடுத்தது பெரும் பிழை என்பது என் உறுதியான கருத்து. சுன் கடைசிவரை எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. 22,050 கோடி வொன் அபராதத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவான பகுதியைக் கட்டாமலே 2021 நவம்பர் 23 அன்று இறந்தார்.

2017ல் அவர் எழுதிய நினைவுக் குறிப்பு இன்னொரு வழக்கைத் திறந்தது. ஹெலிகாப்டரிலிருந்து சுட்டதைப் பார்த்ததாகச் சொன்ன மறைந்த பாதிரியார் சோ சியோல்-ஹியுனை அதில் பொய்யர் என்று வசைபாடினார். இறந்தவரை அவதூறு செய்வது கொரியாவில் குற்றம். நீதிமன்றத்தின் முன் இருந்த கேள்வி: ஹெலிகாப்டர் சுட்டதா? கும்நாம்-ரோவில் உள்ள ஜொனில் கட்டடத்தின் 10ஆம் மாடியை தேசியத் தடயவியல் நிறுவனம் ஆய்ந்தது. தரையிலும் தூண்களிலும் கூரையிலும் குண்டுத் தடங்கள் இருந்தன. பல தடங்கள் மேலிருந்து கீழாகவோ கிடைமட்டமாகவோ பாய்ந்தவை. தெருவிலிருந்து பத்தாம் மாடிக்குச் சுட்டால் குண்டு மேல்நோக்கித்தான் போகும், சுற்றிலும் அதைவிட உயரமான கட்டடம் அப்போது இல்லை. ஆக, சுட்டவர் காற்றில்தான் இருந்திருக்க வேண்டும். 2020 நவம்பர் 30 அன்று சுன்னுக்கு எட்டு மாதச் சிறை, நிறுத்திவைக்கப்பட்ட தண்டனையாக. கண்டெடுத்த தடங்களின் எண்ணிக்கை 245 ஆனபோது, கட்டடத்தின் தெரு எண்ணும் 245ஆக இருந்ததால் ‘ஜொனில் கட்டடம் 245’ என்றே பெயரிட்டுப் பாதுகாத்திருக்கிறார்கள். பின்னர் மேலும் தடங்கள் கிடைத்தன.

மறைந்திருந்த இன்னொரு குற்றமும் தாமதமாகவே வெளிவந்தது. 2018ல் அரசின் கூட்டு விசாரணை, படையினர் செய்த பாலியல் வன்முறைகளில் 17 நிகழ்வுகளை உறுதிப்படுத்தியது. பாதுகாப்பு அமைச்சர் மன்னிப்புக் கேட்டார். அந்தப் பெண்கள் 38 ஆண்டுகள் வாய்திறக்க முடியாமல் இருந்தார்கள்.

காணாமற்போனோரைத் தேடுவது ஏன் இவ்வளவு இழுக்கிறது என்றும் பலர் கேட்பதுண்டு. அடையாளம் தெரியாத எலும்புகள் கிடைத்தாலும் மரபணு ஒப்பீட்டுக்கு உறவினர் ரத்தம் வேண்டும். பழைய முறை பெற்றோர், பிள்ளை உறவுக்குத்தான் நம்பகமானது. நாற்பது ஆண்டில் பெற்றோர் இறந்துவிட்டார்கள். எலும்பும் மக்கிப்போகிறது. சிறு மரபணு மாறுபாடுகளை ஆயிரக்கணக்கில் ஒப்பிடும் புதிய முறை வந்த பின் அண்ணன் தம்பி, சித்தப்பா உறவு வரை பொருத்திப் பார்க்க முடிகிறது. 2019 டிசம்பரில் பழைய குவாங்ஜு சிறை வளாகத்தில் தோண்டியபோது 200க்கு மேற்பட்டோரின் எலும்புகள் குவியலாகக் கிடைத்தன. அவற்றில் ஒன்று 1980ல் காணாமற்போன ஒருவருடையது என்று 2022ல் பொருந்தியது. மற்றவர்கள் யார் என்ற கேள்வி நிற்கிறது. 2024ல் பணியை முடித்த உண்மை அறியும் ஆணையத்தாலும் துப்பாக்கிச் சூட்டின் பொறுப்பை நிலைநாட்ட முடியவில்லை.

மறுப்பவர்களும் ஓயவில்லை. வட கொரியப் படை ஊடுருவியது என்று ஒரு முன்னாள் ராணுவ அதிகாரி, பழைய படங்களில் உள்ள முகங்களை வட கொரியத் தலைவர்களோடு ஒப்பிட்டு எழுதிவந்தார். அந்தப் படங்களில் இருந்த நகரவாசிகளே ‘இது நான்’ என்று நீதிமன்றத்துக்குப் போய் வென்றார்கள். அவருக்கு இரண்டு ஆண்டு சிறை 2023ல் உறுதியானது. 2021 முதல் மே 18 பற்றிப் பொய் பரப்பினால் ஐந்தாண்டு வரை சிறை என்ற விதியும் இருக்கிறது. அதைவிட, படத்தில் இருந்தவர்கள் நேரில் வந்து நின்றதே வலுவான பதில் என்பேன். அரசுகளும் சீண்டியதுண்டு: 2009 முதல் சில ஆண்டுகள் அரசு விழாவில் ‘அன்புக்குரியவருக்கான அணிவகுப்பு’ பாடலை எல்லோரும் சேர்ந்து பாட விடாமல் பாடகர் குழுவுக்கு ஒதுக்கினார்கள். 2017ல் அதிபர் மூன் ஜே-இன் அதைத் திரும்பக் கொண்டுவந்தார்.

2024 டிசம்பர் 3 இரவு அதிபர் யூன் சொக்-யோல் ராணுவச் சட்டம் அறிவித்ததும் மக்கள் நள்ளிரவிலேயே நாடாளுமன்ற வாசலுக்கு ஓடினார்கள். சில மணி நேரத்தில் 190 உறுப்பினர்கள் ஒருமனதாக அதை நிராகரித்தார்கள். பின்வந்த வழக்குகளில் வழக்கறிஞர்கள் கையில் எடுத்தது சுன் வழக்கின் 1997 தீர்ப்பு. நாடாளுமன்றம் போன்ற அமைப்பை வலுவந்தமாகச் செயலிழக்கச் செய்வதும் கிளர்ச்சியே என்று அதில் வரையறை இருக்கிறது.

ஆவணங்களைப் பார்க்க விரும்புவோர் கும்நாம்-ரோவில் பழைய கத்தோலிக்க மையத்தில் இயங்கும் மே 18 ஆவணக் காப்பகத்தில் தொடங்குங்கள். 2011ல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்ற 8.5 லட்சம் பக்கங்களுக்கு மேலான தொகுப்பில் மருத்துவக் குறிப்புகள், நாட்குறிப்புகள், வாக்குமூலங்கள் எல்லாம் அடங்கும். அங்கிருந்து ஜொனில் கட்டடம் நடக்கும் தூரம். கல்லறைக்கு 518ஆம் எண் நகரப் பேருந்து போகிறது. பெரும்பாலோர் புதிய வளாகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். பழைய மங்வோல்-டோங்குக்கும் கட்டாயம் போங்கள். 1987ல் கண்ணீர்ப்புகைக் குண்டு பட்டு இறந்த மாணவர் லீ ஹான்-யோல் அங்கேதான் இருக்கிறார். ஹின்ஸ்பீட்டரின் முடியும் நகமும் அங்கேதான் புதைக்கப்பட்டன. நுழையும் பாதையில் ஒரு கல் தரையில் பதித்திருக்கும். சுன் ஒரு கிராமத்தில் தங்கியதைப் பெருமையாகப் பொறித்த நினைவுக்கல் அது. 1989ல் உடைத்துக் கொண்டுவந்து, வருகிறவர்கள் மிதித்துப் போவதற்காகவே பதித்தார்கள். மே மாதம் போவதானால் 17ஆம் தேதி மாலை கும்நாம்-ரோவில் நடக்கும் முன்னிரவுக் கூடுகைக்கும் சேர்த்துத் திட்டமிடுங்கள். மறுநாள் காலை 10 மணிக்கு நடப்பது அரசு விழா, அதில் பாதுகாப்புக் கெடுபிடி அதிகம்.